உம்மாவுக்குச் சொல்லப்படாத நோய்

அல்லாஹ் தந்த ஆயுளை முடித்துக்கொண்டு உம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்கள், அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் ஸலாம்.

உம்மா சாய்ந்தமருதில் பிறந்து, தன் தாய் சீதனமாகக் கொடுத்த வளவிலேயே கடைசி வரை வாழ்ந்தவர். வாப்பா ஒரு சத்திரசிகிச்சைக்குப் போய் உயிரற்ற மையித்தாக வீடு வந்தபோது என் மூத்த சகோதரர் காக்கா பத்தாம் வகுப்பில் இருந்தார். நான் இன்னும் பள்ளிக்கூடமே சேரவில்லை. கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த கையோடு, வரிப்பத்தான்சேனையில் இருந்த எங்கள் வயலை உம்மா தானே பொறுப்பெடுத்தார். தண்ணீர் முறைக்கு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு நேரே நின்று கதைத்தார். பொம்பளைக்கு இதென்ன வேலை என்று முகம் சுழித்தவர்களே பிறகு உம்மாவிடம் யோசனை கேட்டு வந்தார்கள். நல்லதோ கெட்டதோ, உம்மாவுக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் வீட்டில் பொய் சொல்லப்பட்டது.

வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று உம்மா சொன்னார். ஸ்கேனில் ஈரலில் ஒரு கட்டி தெரிந்தது. நீர்க்கட்டி என்று ஊசியால் இழுத்தார்கள். சில மாதங்களில் மறுபடி நிறைந்துவிட்டது. காக்கா உம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து, "ஒண்டுமில்ல, உள்ளுக்கு சளி மாதிரித் தண்ணி. இழுத்தாச்சி, இனிப் பயமில்ல" என்றார். உம்மா தொழுதுவிட்டு அழுதார். நான் வட்டிலப்பம் செய்து அயலுக்கெல்லாம் அனுப்பினேன்.

அடுத்த வருடம் உம்மாவின் கண் மஞ்சளித்தது. காக்கா ஊரில் இல்லாததால் கொழும்பில் அவர் காட்டிய அதே டொக்டரிடம் நான் கூட்டிப்போனேன். இது மிக அரிதான கட்டி, அதன் சுவரே சளியைச் சுரக்கிறது, எத்தனை தரம் இழுத்தாலும் ஊறும், முழுதாக வெட்டியெடுத்திருந்தால் பெரும்பாலும் சுகமாகியிருக்கும் என்று அவர் சொன்னார். முதல் தரம் உம்மாவை வெளியே இருத்திவிட்டுக் காக்காவிடம் தனியாக அவர் சொன்னதும் இதையேதானாம். ஏன் ஒப்பரேஷனுக்கு வரவில்லை என்று கேட்டார். இப்போது அது புற்றுநோயாக மாறிப் பித்தக் குழாயை அடைத்துவிட்டது என்றார்.

பக்கத்தில் இருந்த உம்மா டொக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீயும் தெரிஞ்சிதான் இரிந்தியா மகள்?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். உம்மா தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

காக்கா ஊர் திரும்பியதும் கேட்டேன். வாப்பாவைப் போல உம்மாவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போய்த் திரும்பாமல் விடுவாரோ என்று பயந்தாராம் காக்கா. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் உடம்பு உம்மாவுடையது, கேட்டிருக்க வேண்டியது உம்மாவிடம். தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை உம்மாவிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "இந்த நேரத்தில அதெல்லாம் என்னத்துக்குக் கதைக்க" என்று எழும்பிப் போய்விட்டார். அதன் பிறகு நான் எந்தக் குளிசையைக் கொடுத்தாலும், இது என்ன, எதற்கு என்று விசாரித்துத்தான் உம்மா வாயில் போட்டார். கலிமா சொன்னபடியே உயிர் பிரிந்தது, அல்ஹம்துலில்லாஹ். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

உம்மாவைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், பெரியநீலாவணையிலிருந்து பஸ் பிடித்து வந்து கஞ்சி பருக்கிய உம்மாவின் சிநேகிதிக்கும் எங்கள் நன்றி. உம்மாவால் யாருக்கேனும் மனத்தாங்கல் இருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காக்கா, இம்மலரை அச்சுக்குக் கொடுப்பவர் நீங்கள். எல்லோருக்கும் முந்தி நீங்கள்தான் இதை வாசிப்பீர்கள். ஒரு வரியையும் எடுத்துவிட வேண்டாம். உம்மாவிடம் நீங்கள் சொல்லாததை ஊரிடமாவது நான் சொல்லிக்கொள்கிறேன்: எனக்குத் தெரியாது.