நின்றதும் வருகிறேன்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை, கண்ணுங்களா. லலிதாம்பாளுக்கு நடந்தது. திருத்தணியில், போன ஆடியில், உச்சி வெயிலில் நடந்தது. பேய் வர இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

லலிதாம்பாளின் கணவர் மலைக்கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர். அதனால் அந்த வீட்டில் மாதவிலக்கானவர்களுக்குக் கொல்லைப்புற அறைதான். லலிதாம்பாளுக்கு அது நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. திடீரென்று மறுபடியும் ரத்தம் பட்டது. இந்த வயதில் இதென்ன கண்றாவி என்று கூசிப்போனாள். ஆனால் விலக்கு என்றேதான் நினைத்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லை அறைக்குப் போனாள். குளித்துவிட்டு உள்ளே வருவாள். சில நாளில் திரும்பவும் படும்.

இத்தனைக்கும், அதற்கு முன்பே ஒரு முகாமில் நர்ஸ் பாஞ்சாலி அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். முடிவு வந்ததும் போன் செய்தாள்.

"மாமி, எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ் இருக்குதாம். கேன்சருன்னு பயந்துடாதீங்க. ஆனா சும்மா வுட்டா வருசக்கணக்குல உள்ளுக்குள்ளயே வளந்துகினு போவும். ஒருவாட்டி வாங்க, டாக்டர் கருவி வச்சுப் பாத்துடுவாங்க."

"தூரமா இருக்கேன்டி பாஞ்சாலி. நின்னதும் வரேன்."

அடுத்த மாதமும் அதே பதில். அதற்கடுத்த மாதமும்.

"முருகர் பாத்துக்குவாருன்னு உக்காந்துகினு இருக்கீங்களா மாமி? அவருக்கு ரெண்டு பொண்டாட்டியப் பாக்கவே நேரம் பத்தல."

லலிதாம்பாள் சிரித்தாள். நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம். மருமகள் சாய்லக்ஷ்மி சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். தெருவில் காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் தேய்ந்து மறைந்தது. லலிதாம்பாள் கண்ணை மூடினாள்.

கொல்லையில் யாரோ துணி தோய்க்கிற சத்தம். தப்... தப்... எட்டிப் பார்த்தாள். கல் காய்ந்து கிடந்தது.

திரும்பிப் படுத்தாள். பாயின் மறுபக்கம் ஈரமாக இருந்தது.

சுவரோரம் சோப்பு வாசனை.

சொட்... சொட்...

"இன்னும் நிக்கலையா?"

சுவரில் சாய்ந்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரும்மா நீ?"

"நானும் நின்னப்புறம் போலாம்னுதான் இருந்தேன்."

"எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு."

லலிதாம்பாள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். "நின்னுதா?"

தரையில் தண்ணீர் பரவியது. மெல்ல... அதன் நிறம் மாறியது.

"குழந்தைதான் என் துணியெல்லாம் தோய்ச்சா. சின்னக் கை..."

வாசலில் நிழல்.

"யாரோட பேசிண்டிருக்கேள், அம்மா?"

சாய்லக்ஷ்மி.

சுவரோரம் இருந்தவள் அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு... அங்கே யாரும் இல்லை.

லலிதாம்பாள் எழுந்து வந்து மருமகளின் கையைப் பிடித்தாள். விலக்கு நாளில் அந்த வீட்டில் யாரும் யாரையும் தொட்டதில்லை. "ஆட்டோ கூப்பிடு. இப்பவே." குளிக்கவில்லை. புடவை மாற்றவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். "முதல்லயே வந்திருந்தா சின்ன சிகிச்சையோட முடிஞ்சிருக்கலாம்," என்றார் டாக்டர். "இது விலக்கு இல்லைம்மா. நோயே ரத்தமா வந்து கூப்பிட்டிருக்கு." நோய் பக்கத்திலும் பரவத் தொடங்கியிருந்தது. சென்னையில் கதிர்வீச்சு கொடுக்க ஏற்பாடாயிற்று. பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவள் கேலி பேசவில்லை.

சென்னையில் முறைக்குக் காத்திருந்தபோது லலிதாம்பாள் கேட்டாள். "உங்கம்மா ஜுரத்துலதானே போனா?"

பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

சாய்லக்ஷ்மி கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்தாள்.

"ஜுரம் இல்லைம்மா. உதிரப்போக்கு. நிக்கட்டும், போலாம்னே சொல்லிண்டிருந்தா. எனக்கு ஒம்பது வயசு. துணியெல்லாம் நான்தான் தோய்ச்சேன். உங்க பிள்ளைக்குக்கூடத் தெரியாது."

லலிதாம்பாள் அவள் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு அறையில நீ யாரையாவது பாத்தியா?"

"இல்லை. ஆனா, ஆட்டோவைக் கூப்பிட ஓடினேனே, அப்போ கொல்லைக் கயித்துல ஒரு புடவை தொங்கித்து. நம்மாத்துது இல்லை. கத்திரிப்பூ நிறம், பச்சைக் கரை. தொட்டுப் பார்த்தேன். அப்போதான் பிழிஞ்சு போட்டாப்ல ஈரம்."

"யாரோடது?"

"அம்மாவோடது." சாய்லக்ஷ்மி மாமியாரின் விரல்களைப் பற்றிக்கொண்டாள். "அதைப் போர்த்தித்தாம்மா அவளை எரிச்சா."