கோமளா திருப்பி எடுத்துப்போன கரித்துணிகள்

"நம் கோமளா போய்விட்டாள்" என்று எங்கள் பின்னல் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரிசெய்து தருகிறேன் என்று எட்டு மாதத்துக்கு முன் அவள் எடுத்துப்போன ஃப்ரிட்ஜ் கைப்பிடி உறையை இன்றாவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் ஃபோனைக் கையில் எடுத்தேன். பதில் சொல்லாமல் தப்பிப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. கோபம் தீராமலேயே அழுதேன்.

ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில், இருபத்தாறு வருஷம் எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. கம்பெனி பஸ்ஸில் அவளுடைய பின்னல் ஊசி என் முழங்கையில் இடிக்காத நாளே இல்லை. மாதிரிப் புத்தகத்தைத் தொடமாட்டாள். கட்டம் போட்ட நோட்டில் தானே வரைந்து பின்னுவாள். மல்லிகைச் சரம் ஓடும் மிக்ஸி உறை, காபி ஃபில்டருக்கு வாழைப்பூ நிறத்தில் ஒரு குல்லாய், சூடான பாத்திரம் பிடிக்க முள்ளு முள்ளாகப் பாகற்காய்க் கரித்துணி. எல்லாம் கனத்த பருத்தி நூலில். கொடுப்பதென்னவோ தாராளமாகக் கொடுப்பாள்.

அப்புறம் நடப்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். காபி குடிக்க வருவாள். டம்ளரை வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் கொடுத்ததையே தூக்கிப் பார்ப்பாள்.

"இங்க ஒரு கண்ணி தப்பியிருக்கு. கொடு, பிரிச்சுப் போட்டுத் தரேன்."

"யாருடி பாக்கப்போறா? பரவாயில்ல, விடு."

"நான் பாத்துட்டேனே!"

பைக்குள் போனது போனதுதான். ஆபீஸில் அவள் தப்பென்று திருப்பியனுப்பிய சாமான்களாவது சரியாகித் திரும்பி வந்தன.

பாகற்காயை மட்டும் நான் ஒளித்துவைத்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று அவள் கொடுத்தது அது. மூன்றாவது வரிசையில் ஒரு முள் குறைந்திருந்ததை நானே கண்டுபிடித்துவிட்டேன். காலிங் பெல் அடித்தால் அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விடும். ஒரு நாள் நேராகவே கேட்டாள். அடுப்பில் பட்டு எரிந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"எரிஞ்சுதா? ஒழியட்டும். மூணாவது வரிசையில ஒரு முள் குறைச்சல்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இன்னொரு காபி கேட்டாள். ஒரு பேச்சுக்காவது வருத்தப்பட்டிருக்கலாம்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அவள் கணவர் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். அவரவர் சாமானை வாங்கிப் போகலாம் என்று ஆசையாகக் குனிந்தோம். உள்ளே உறையும் இல்லை, குல்லாயும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்து நூலுருண்டையாகச் சுற்றி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு செருகியிருந்தாள்.

"திரும்பப் போடணும், போடணும்னு சொல்லிண்டேதான் இருந்தா" என்றார் அவர்.

எங்களுக்கென்று ஒன்றையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா? அந்த இடத்திலேயே அவளை நிற்கவைத்துச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. என் உருண்டையில் இருந்த சீட்டைப் பிரித்தேன்.

"மைதிலி. ஃப்ரிட்ஜ் உறை. பாகற்காய் எரியலை, ஒளிச்சு வெச்சிருக்கா. அடுத்த தடவை வாங்கிண்டு வரணும்."

இப்போது அந்தப் பாகற்காய் அடுப்புக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியில் தொங்குகிறது. எங்கள் குழுவிலேயே அவள் கையால் பின்னியது முழுதாக இருப்பது இது ஒன்றுதான். தப்போடுதான் வைத்திருக்கிறேன், கோமளா. வேணும்னா வந்து வாங்கிக்கோடி.