அப்பாவின் கோடு

“...அதெல்லாம் சரிதான்டா, ஆனா இந்தக் கோடு இப்படியே எறங்கி வந்து தரையத் தொடுற அன்னைக்கு ஒங்க அத்தான் எங்க இருப்பாரு? அத மட்டும் சொல்லு” என்றாள் அம்மா.

அதுவரை மூச்சுவிடாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மாமா தன் கையைப் பார்த்தார். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. காகிதத்தில் எங்கள் அப்பா இருந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் நிறையை வாரத்துக்கு ஒரு புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளிகளை ஒட்டி ஒரு கோடு இழுத்து, கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார் மாமா. கோடு இடது பக்கம் உயரத்தில் தொடங்கிச் சரிந்து சரிந்து, ‘ஆடி’ என்று அவர் பேனாவால் எழுதியிருந்த இடத்தில் தரையில் முட்டி நின்றது. நாங்கள் அப்போது வைகாசியில் இருந்தோம்.

மாமா அம்மாவின் தம்பி. பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர். நிவித்திகல டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் சிங்கள மிஸ் ஒருவர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். சனிக்கிழமை தோறும் மாமா அங்கே போவார், துணைக்கு என்னையும் கூட்டிப்போவார். ‘சும்மா சொல்லல’ என்பது அவருடைய வாய்ப்பேச்சு. எதைச் சொன்னாலும் அதை முன்னால் போட்டுக்கொள்வார். சும்மா சொல்லல, அந்த மெஷினுக்குத் தெரியாத கணக்கே கிடையாது பாப்பா, என்பார்.

அவரை மயக்கியது கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு கல்குலேட்டர். கூட்டல் கழித்தலோடு நிற்காத கல்குலேட்டர். ஒரு சமன்பாட்டைத் தட்டினால் அதைக் கோடாகவும் வளைவாகவும் திரையில் வரைந்து காட்டும். எக்ஸ் வர்க்கம் என்று அடித்தார், ஒரு கிண்ணம் வந்தது. முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டார், கிண்ணம் கவிழ்ந்துகொண்டது. “பாத்தியா பாப்பா, ஒரு சின்னக் கீறல் போட்டதுக்கே சோறெல்லாம் கொட்டிருச்சு” என்றார். சைன் என்று எதையோ அடித்தார், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு லொறி ஏறிவரும் பாதை மாதிரி ஒன்று நெளிந்து நெளிந்து ஓடியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பாதையில் நம் லயத்து வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மாமா யோசித்து ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டினார்.

எண்களைக் கொடுத்தால் அவற்றையும் படமாக்கும் என்று மிஸ் சொல்லிக்கொடுத்தபோது, மாமாவிடம் எண்கள் தயாராக இருந்தன.

அந்த வருடம் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, சீனி நோய் இருக்கிறது, ஆரம்பம்தான், பயமில்லை, ஆனால் வாரம் வாரம் நிறை பார்க்க வேண்டும், அது இறங்கிக்கொண்டே போனால் ரத்னபுரி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். சொன்னவரிடம் வேலை செய்யும் தராசு ஒன்றுதான் இருந்தது. அது கைக்குழந்தைகளை நிறுப்பது. அதில் அப்பாவின் ஒரு காலைத்தான் வைக்க முடியும். ஆகவே எங்கள் தோட்டத்தில் பூசணிக்காய் முதல் ஆட்டுக்குட்டி வரை எதை நிறுப்பதற்கும் போகிற இடத்துக்கே அப்பாவும் போனார். கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகையான மடுவத்துக்கு.

அங்கே விட்டத்திலிருந்து ஒரு வட்டத் தராசு தொங்கும். கீழே கொக்கி. முள் ஓடும் முகம் கணக்கப்பிள்ளை ஐயா நிற்கும் பக்கம் பார்த்திருக்கும், கொழுந்துப் பைகளோடு பெண்கள் நிற்பது அதன் முதுகுப் பக்கம். ஐயா சொல்லி எழுதுகிற கிலோவுக்குத்தான் அவர்களுக்குக் கூலி. கடைசிப் பை இறங்கியதும் அப்பா கொக்கியைப் பிடித்து முழங்காலை மடக்கித் தொங்குவார். ஐயா ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். அப்பா அதை வீட்டுக்குச் சுமந்துவந்து மாமாவிடம் ஒப்படைப்பார். முதல் வாரம் அறுபத்தொன்று. பிறகு அறுபது. பிறகு ஐம்பத்தொன்பது. மழை பிடித்த பிறகு ஐம்பத்தேழு.

இந்த எண்களைத்தான் நான் ஒவ்வொன்றாக வாசிக்க, மாமா தட்டினார். புள்ளிகள் விழுந்தன. ஒரு பொத்தானை அமுக்கினார், புள்ளிகளுக்கு நடுவே கோடு பாய்ந்தது. மிஸ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து “ஹரி ஷோக், மல்லி” என்றார். ரொம்ப அழகா இருக்கு தம்பி என்று அர்த்தம். அந்தப் பாராட்டில் உச்சி குளிர்ந்துபோன மாமா, கோட்டை முன்னால் நீட்டவும் முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நீட்டினார்.

“தரையில முட்டிருச்சே மாமா” என்றேன்.

“முட்டத்தான் செய்யும். நேர்கோடு இல்லையா” என்றார் பெருமையாக. பஸ்ஸில் வரும்போதும் அது எவ்வளவு நேர்த்தியான கோடு என்றே பேசிக்கொண்டு வந்தார். அது யாருடைய கோடு என்பது, அம்மா கேட்கும்வரை அவருக்கு ஞாபகமே இல்லை.

“சும்மா சொல்லலக்கா...” என்று ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் அதற்கு மேல் போகவில்லை. அம்மாவின் அப்பாவும் இப்படி நிறை இறங்கித்தான் போனார். கடைசியில் அவரை ஒரு கையால் தூக்கி உட்கார வைத்தேன் என்று அம்மா எப்போதாவது சொல்வாள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி, முருகன் படத்துக்குக் கீழே சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். சாமியும் பார்க்கட்டும் என்றாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த சாப்பாட்டை நான் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. இனிப்புத்தான் ஆகாதே தவிர முட்டை ஆகும், கருவாடு ஆகும், முருங்கைக்கீரை ஆகும் என்று அம்மா தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்து ஈரல் வறுவல் வந்தது.

“இந்தா, கால்சட்டைக்கு பட்டன் போட முடியல. இழுத்துப் பாரு” என்றார் அப்பா.

“மழையில நனைஞ்சு சுருங்கியிருக்கும். சாப்பிடுங்க.”

“வயிறு என்னோடது. எனக்குத் தெரியாதா?”

“ஒங்களுக்கு என்னா தெரியும்? மெஷின் போட்டுக் குடுத்திருக்கு.”

அப்பா சாப்பிட்டார். ஆனால் கை கழுவிவிட்டு வந்து, யாரும் கவனிக்காத நேரத்தில் முருகன் படத்துக்கு முன்னால் நின்றார். கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். விரலால் கோட்டைத் தடவிக்கொண்டு போய்த் தரையில் நிறுத்தி, திரும்பவும் மேலே கொண்டுபோனார்.

நான் என் பங்குக்கு அப்பாவின் முதுகில் ஏறுவதை நிறுத்தினேன். வேலை முடிந்து வருகிற அப்பாவை வாசலிலேயே மடக்கி உப்பு மூட்டை ஏறுவது என் வழக்கம். பாரம் ஏற்றினால் இன்னும் சீக்கிரம் இறங்கிவிடுவாரோ என்று பயம். அப்பா குனிந்து முதுகைக் காட்டுவார், நான் கால் வலிக்கிறது என்பேன்.

அடுத்த நிறுவைக்கு அம்மாவே வந்தாள். வழக்கமாக அவள் தன் கொழுந்தை நிறுத்ததும் அடுப்பு மூட்ட ஓடிவிடுவாள், அப்பா தொங்குவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று முன்னால் போகச் சொல்லி ஒவ்வொருவருக்கும் வழி விட்டு, தன் பையோடு கடைசியாக நின்றாள். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு நனைந்து ஒட்டியிருந்தது. தகரக் கூரையில் மழை போட்ட சத்தத்தில் ஆளுக்கு ஆள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மாமா பேனாவோடு வந்திருந்தார். நான் மாமாவின் குடைக்குள் நின்றேன்.

அம்மா அப்பாவையும் முன்னால் விட, அவர் கொக்கியைப் பிடித்தார். அம்மாவால் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் குறுக்குக் கட்டையைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் யாரும் போகாத அந்தப் பக்கத்துக்கே போய்விட்டாள். கணக்கப்பிள்ளை ஐயா முள்ளைப் பார்த்து, “ஐம்பத்தஞ்சு” என்றார்.

மாமாவின் பேனா எழுதவில்லை.

“ஐயா” என்றாள் அம்மா. “முள்ளு அறுபத்திரெண்டுல நிக்குதுங்களே.”

“ஆமா. மழைக்குப் பத்து கிலோவுக்கு ஒண்ணு, பைக்கு ஒண்ணு. கழிக்கணும்ல...” என்று சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் நின்று, எதிரே தொங்கிக்கொண்டிருந்த அப்பாவை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிறகு அப்பா, இன்னும் காலை மடக்கித் தொங்கியபடியே, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“ஐயா, நான் பையில வரலீங்களே.”

மடுவமே சிரிப்பில் வெடித்தது. இறங்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பி வந்து என்ன என்ன என்று கேட்டுச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா கெட்டவர் இல்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு, “பழகிப் போச்சு தங்கச்சி, முள்ளப் பாத்தாலே கழிச்சதுதான் வாயில வருது” என்று அவரும் சிரித்தார். வெயில் காலத்தில் பைக்கு மட்டும் கழித்திருக்கிறார். தூறலுக்குக் கொஞ்சம். மழை பிடிக்கப் பிடிக்கக் கழிவும் கூடியிருக்கிறது, அப்பாவும் அந்த அளவுக்கு இளைத்திருக்கிறார். மாமா ஒரு மாதமாக வரைந்தது எங்கள் தோட்டத்து மழையை.

மாமா சட்டைப்பைக்குள் இருந்து தன்னுடைய பிரதியை எடுத்து விரித்தார். அப்போதுதான் ஓரத்தில் இருந்த சின்ன எண்களை ஒழுங்காக வாசித்தார். நாங்கள் தரை என்று நினைத்தது சுழியமே இல்லை, ஐம்பது கிலோ. கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அங்கிருந்து தொடங்கியிருக்கிறது. “சும்மா சொல்லல அத்தான், தரையில முட்டினாலும் நீங்க ஐம்பது கிலோ இருந்திருப்பீங்க” என்றார். “அத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ஈரலக் கொஞ்சம் நிம்மதியா சாப்பிட்டிருப்பேன் மாப்ள” என்றார் அப்பா.

நான் காத்திருக்கவில்லை. குடையை விட்டு ஓடிப்போய், கொக்கியை விட்டு இறங்கிய அப்பாவின் முதுகில் ஏறினேன். ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது, கல் மாதிரி இருந்தார். ஈரச் சட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் நான் மூச்சை எங்கோ பிடித்து வைத்திருந்திருக்கிறேன் போல, அது அப்போதுதான் வெளியே வந்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முருகா என்றாள். படங்கின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நல்ல செய்திதானே வந்திருக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று அப்பாவின் தோளைத் தட்டினேன். அப்பா நகரவில்லை. சிரித்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார்கள். யாரும் கலைந்து போகவில்லை. அப்பாவை இன்னொரு தடவை தொங்கவிடப் போகிறார்கள், அதைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா கட்டையைச் சுற்றிப் போய், ஓரத்தில் வைத்திருந்த தன் கொழுந்துப் பையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, மறுபடியும் முள் தெரிகிற பக்கத்துக்கே வந்து, கணக்கப்பிள்ளை ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.