இரண்டு ரிங்

எனக்குப் போன் என்றாலே ஆகாது. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் மேற்பார்வை பார்த்துவிட்டு வீட்டோடு இருப்பவன் நான். அங்கே அடிக்கிற ஒவ்வொரு போனும் ஏதோ ஒரு மிஷின் நின்றுபோன சேதிதான். அந்த எரிச்சல் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால் என் மனைவி என்னோடு போனில் பேசுவதே இல்லை. இரண்டு ரிங் விடுவாள், கட் செய்துவிடுவாள், அவ்வளவுதான்.

கிண்டியில் ஒரு ஆபீஸில் அவளுக்கு வேலை. சாயங்கால ரயில் பல்லாவரம் தாண்டியதும் அந்த இரண்டு ரிங் வரும். சேலையூரில் வீட்டைப் பூட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு நான் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகவும் அவள் படியிறங்கி வரவும் சரியாக இருக்கும். போனில் பேசுவது இலவசம் என்று ஆன பிறகும் நாங்கள் இதை விடவில்லை. "எடுத்தா நீங்க வள்ளுன்னு விழுவீங்க. எதுக்கு வம்பு?" என்பாள். காதல் கீதல் என்றெல்லாம் நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. ரிங் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொள்வேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதுமா என்று கேட்டதில்லை.

அன்றைக்கு இரண்டாவது ரிங்குக்குப் பிறகும் போன் நிற்கவில்லை. மூன்று. நான்கு. வண்டி நிறுத்துகிற இடத்துக்காகக் கீழ்வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் ஜெயிக்கிற நேரம். 'தெரியும்டி, வரேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நானே கட் செய்தேன். சண்டையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் மூன்று ரயில் கூட்டம் இறங்கிப் போயிற்று. வரட்டும், நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டே அவளுக்குப் போன் போட்டேன். ஒரு ஆண் குரல் எடுத்தது.

"சார், இந்தம்மா வூட்டுக்காரரா? ட்ரெயின்ல மயக்கம் போட்டு வுழுந்துட்டாங்க சார். சானடோரியம் ஸ்டேஷன்ல எறக்கி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டோம். சீக்கிரம் வாங்க."

நான் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு. முன்னாடியே கொண்டுவந்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார் டாக்டர். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. பிழைத்திருப்பாளா என்பதல்ல என் கவலை. எடுத்தால் திட்டுவேன் என்று தெரிந்தும், அந்த வலியில் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அம்மாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கடைசியா உங்களுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"மிஸ்டு கால்மா. தினம் குடுக்கறதுதான்."

"அப்போ பல்லாவரம் வரைக்கும் அம்மா நல்லாத்தான் இருந்திருக்காங்க. நீங்க வந்துருவீங்கன்னு நிம்மதியா உக்காந்திருப்பாங்க" என்றாள். என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். நான்தான் கட் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்காக மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாய் இருக்கிறது. பொய். பெற்ற பெண்ணிடம் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டேன்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் சாயங்காலம், அவள் அம்மா கூப்பிடும் அதே நேரத்துக்கு என் போன் அடித்தது. இரண்டு ரிங். நின்றது. பின்னாலேயே ஒரு மெசேஜ்: "எடுக்காதீங்கப்பா. அம்மா மாதிரி தினம் நான் குடுக்கறேன்."

பாசத்தில்தான் செய்கிறாள். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. அந்த நேரத்தில் நான் எங்கேயும் போவதில்லை, யாரோடும் சண்டை போடுவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது ரிங் வந்தால் எடுத்துவிட வேண்டும் என்று விரலை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டோடு நின்றுவிடுகிறது.