கையில் தின்ற சேவல்

சேவலுக்கு மார்க் போடுவார்கள் என்று சொன்னால் என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சண்டைக்கா என்று கேட்கிறார்கள். இல்லை, அழகுக்கு என்றால் இன்னும் கொஞ்சம் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த ஒரு முறை எழுதிவைத்துவிடுகிறேன். இனி கேட்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

கிளிமூக்கு விசிறிவால் என்று ஒரு ரகம். மூக்கு கிளிக்கு இருப்பது போலக் குட்டையாக வளைந்திருக்க வேண்டும். வால் நீண்டு, விசிறி போல அகன்றிருக்க வேண்டும். கண் வெள்ளையாக, கொண்டை அடக்கமாக, கால் தடித்து இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க். எல்லாவற்றுக்கும் மேலே நிலை. நிலை என்றால் நிற்கிற விதம். யார் கிட்டே வந்தாலும் அசையாமல், கழுத்தைத் தூக்கி, நெஞ்சை முன்னே தள்ளி நிற்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வந்தவர் ஜெயித்த பிறகு நிற்பாரே, அந்த மாதிரி. மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிலை இல்லாத சேவலுக்கு இடம் கிடையாது.

இதெல்லாம் எங்கள் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் தங்கை. கெடாருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகிப் போன அத்தை இரண்டே வருடத்தில் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வந்த புதிதில் களை எடுக்கப் போனாள். பிறகு செல்போனில் பார்த்துப் பார்த்து இந்தச் சேவல்களைப் பிடித்துக்கொண்டாள். கண்காட்சியில் ஒரு முறை இடம் பிடித்துவிட்டால் போதும், அந்தச் சேவலின் குஞ்சுகளைத் தேடிக்கொண்டு ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள் என்பது அவள் கணக்கு. இரண்டு கண்காட்சிக்குப் போய் வெறும் கையோடு வந்தாள்.

மூன்றாவது கண்காட்சி திண்டிவனத்தில். அதற்கு ஒரு மாதம் முன்னால் அப்பா பேச்சை முடித்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாளெல்லாம் செங்கல் ஏற்றி இறக்கிவிட்டு வந்தவருக்குக் கோபப்படத் தெம்பு ஏது.

“இந்த ஒரு தடவ பாரும்மா. எடம் கெடச்சா நீ கோழியே வளத்துக்கினு இரு, நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா பேசாம கம்பெனி வேன்ல ஏறிடு.”

“சரிண்ணா” என்றாள் அத்தை.

கம்பெனி வேன் என்றால் செருப்புக் கம்பெனி வேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட்ரோட்டில் வந்து நிற்கும். பெண்கள் பாதித் தூக்கத்தில் ஏறுவார்கள், இருட்டிய பிறகு வந்து இறங்குவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை அதில் ஆறு மாதம் போயிருக்கிறாள். குனிந்தபடியே அடிப்பாகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்ததில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போய்விட்டதாம். மறுபடி அதில் ஏறுவதை நினைத்தாலே அவளுக்கு முகம் கறுத்துவிடும்.

ஆகவே திண்டிவனத்துக்கென்று பொறுக்கி வைத்திருந்த கீரி நிறச் சேவலை அவள் வளர்த்த அழகைச் சொல்ல வேண்டும். வால் தரையில் தேயாமல் இருக்க உயரத்தில் கட்டை அடித்து அதன் மேல் உட்காரப் பழக்கினாள். கேப்பை, கம்பு, வேகவைத்த முட்டை எல்லாம் வேளை தவறாமல் போனது. எனக்கு முட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தீனிக் கிண்ணத்தைத் தரையில் வைக்க மாட்டாள். கழுத்துக்கு மேலே எட்டும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். எக்கி எக்கித் தின்றால்தான் நிலை வரும் என்பாள்.

“பாப்பா, கையில மட்டும் ஒண்ணும் குடுத்துடாத. எதுவா இருந்தாலும் கிண்ணத்துல போடு, இன்னா?”

சரி சரி என்று தலையாட்டினேன். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் ஒன்றைச் செய்யாதே என்றால் ஏன் என்று கேட்கத் தோன்றாது, எப்போது செய்யலாம் என்றுதான் தோன்றும். அத்தை சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போகிற நேரம் பார்த்து, டவுசர் பையில் மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) நிரப்பிக்கொண்டு போய்ச் சேவலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவேன். உரித்த கடலையை உள்ளங்கையில் வைத்துத் தரையோடு நீட்டுவேன். முதலில் முறைத்தது. நாலாவது நாள் வந்து கொத்தியது. பத்து நாளில், என் கையைப் பார்த்ததுமே ஓடி வந்து காலை மடக்கி உட்கார்ந்து, கழுத்தை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு தின்ன ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அவ்வளவு சிநேகம் யாரும் கிடையாது. கண்காட்சி நடக்கும் நாள்வரை ஒரு நாள்கூட நான் தவறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வாலுக்குப் பழைய துப்பட்டாவைச் சுற்றி, சேவலை ஒரு நீள அட்டைப்பெட்டியில் வைத்து, விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ். அத்தை வழி முழுக்கப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. இறங்கும்போது அவள் கால் மரத்துப்போய் ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்தவர், “ஜல்தியா எறங்கும்மா, பேஜாரு பண்ணாத” என்றார்.

ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசையாக மரக்கூண்டுகள். சேவல் கொண்டுவந்தவர்களில் அத்தையைத் தவிர எல்லோரும் ஆண்கள். யார் வீட்டு ஆள், கூட யாரும் வரவில்லையா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். “அண்ணன் வேலைக்குப் போயிருக்காருங்க” என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொன்னாள்.

மார்க் போடுகிறவர் வயதானவர். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. காலையிலிருந்து நின்றதில் அவருக்கும் சலித்துப்போயிருக்க வேண்டும். எங்கள் கூண்டுக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் முகம் தெளிந்தது. தள்ளி நின்றே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சேவல் விறைப்பாகத்தான் நின்றது.

“மூக்குல ஒரு கொற சொல்ல முடியாது. கண்ணு முத்து மாரி இருக்குது. வெளிய எடும்மா” என்றார்.

அத்தை எடுத்துத் தரையில் விட்டாள். அவர் மூக்கைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். அவ்வளவுதான். சேவல் கையைப் பார்த்தது. ஓடிப்போய் அவர் காலடியில் மடங்கி உட்கார்ந்து, கழுத்தைத் தாழ்த்தி உள்ளங்கைக்குள் எட்டிப் பார்த்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடி உட்கார்ந்தது. மூன்றாவது முறை வேறு ஒருவரை நீட்டச் சொன்னார். அவரிடமும் போய் உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். என் சேவல் எல்லோரிடமும் எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறது என்று நினைத்தேன்.

“யாரு இத கையில வெச்சி ஊட்டி வளத்தது?” என்றார் அவர்.

நான் எத்தனை நாள் காத்திருந்த கேள்வி அது. நான்தான் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். திரும்பி என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“நான்தான் சார்” என்றாள்.

“பொம்பள வளத்தா அப்படித்தான்” என்று பின்னால் ஒருவர் சொன்னார். “சேவல்னு நெனைக்கல, கொழந்தைன்னு நெனச்சிக்கிச்சி.” இன்னொருவர், அடுத்த முறை தொட்டிலோடு எடுத்துவரச் சொன்னார்.

சின்னப்பிள்ளை செய்த வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு என்னோடு போயிருக்கும், ஆளுக்கொரு மிட்டாய்கூடக் கொடுத்திருப்பார்கள். அவள் சொல்லவில்லை. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “நிலைக்கு நான் எப்படிம்மா மார்க் போடுறது. நல்ல உருப்படிய இப்படிப் பண்ணிட்டியே” என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். அட்டையில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார்.

நான் அத்தையிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். விழுப்புரத்தில் பன் வாங்கிக் கொடுத்தாள், வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒருவர் வந்து சேவல், கோழி, குஞ்சு எல்லாவற்றையும் கூண்டோடு எடுத்துப்போனார். மறுநாளிலிருந்து அத்தை வேனில் ஏறினாள்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் முகம்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் பசை வாசனை. அம்மா எனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, சேவல் போயிடுச்சின்னா என் மேல கோவம்?” என்று கேட்டாள் அத்தை.

இதற்கு மேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. “மல்லாட்ட குடுத்து கையில தின்ன வெச்சதே நான்தான். நீ எதுக்கு அவர்கிட்ட நான்தான்னு சொன்ன?”

அம்மா தோசைத் திருப்பியோடு அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

“நீ எங்க குடுத்த. நான்தான் தெனம் குடுத்துக்கினு இருந்தேன், உனுக்குத் தெரியாம. என்னாலதான் அது அப்படிப் பழகிப்போச்சி. நீ தின்னு.”

அப்பட்டமான பொய். அவள் ஒரு நாளும் கொடுத்ததில்லை என்று எனக்குத் தெரியும். நல்ல பெயர் கிடைக்கிற இடத்தில் இந்தப் பெரியவர்கள் நம்மை உள்ளே விடவே மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமல் இரண்டாவது தோசையையும் தின்று முடித்தேன்.