யன்னல் இல்லாத சுவர்

நான் கட்டட வரைவாளன். சிட்னியின் செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டின் பின்வளவில் அப்பாவுக்கென்று கிரானி பிளாட் என்கிற தனிச் சின்ன வீடு ஒன்று கட்டியபோது, பிளானை நானே வரைந்தேன்.

"தம்பி, உங்கட குசினியைப் பாத்தபடி ஒரு யன்னல் வைக்கேலாதோ?" என்று அப்பா கேட்டார்.

"எங்களுக்கும் பிரைவசி வேணுமெல்லோ, அப்பா."

"ஓம், அதுவும் சரிதான்."

எங்கள் சமையலறையைப் பார்த்த அந்தச் சுவரில் கதவு மட்டும் வைத்தேன். குளிர்காலத்திலும் அப்பா அதைத் திறந்துவிட்டு, கதிரையில் போர்வையோடு உட்கார்ந்திருப்பார். "ஹீட்டர் போட்டிருக்கு, கதவைச் சாத்துங்கோ!" என்று கத்துவேன். எழுந்து சாத்துவார்.

அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, சிட்னிக்கு வெளியே ஒரு பழைய பண்ணையைப் பார்க்கப் போனேன். ஆங்கிலேய முதலாளி ஒருவர் தன் நாட்டுப் பாணியில் கட்டியது. வேலையாட்களின் சின்னக் கல்வீடுகள் கொள்ளை அழகு. ஆனால் மாளிகையைப் பார்த்த சுவர்களில் யன்னலே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"வேலைக்காரர்கள் தங்களைப் பார்ப்பது முதலாளி வீட்டாருக்குப் பிடிக்கவில்லை," என்றாள் வழிகாட்டிய பெண்.

முதலாளிக்காவது அந்த வேலைக்காரர்கள் யாரோ அந்நியர்கள். நான் அதையே என் அப்பாவுக்கு வரைந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கதிரையில் உட்கார்ந்து அந்தக் கதவைத் திறந்தேன். நேரெதிரே குசினியில் மனைவியும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர் முகத்தில் அடித்தது. கதவைச் சாத்த மனம் வரவில்லை.