மேலே நல்ல தண்ணீர்

ஊரில் எல்லாரும் அவளை மதகுக்காரி என்பார்கள். எனக்கு அவள் சின்ன மருமகள். ஆற்றுத் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் இரும்புக் கதவின் சாவி அவள் இடுப்பில் தொங்குகிறது.

இந்த வீட்டுக்கு வரும்போது போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மழை தப்பித் தப்பிப் பெய்ய ஆரம்பித்தது. ஆறு மெலிந்தது, கடல் ஆற்றுக்குள் ஏறியது. உப்பு அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து மதகடியில் ஆழத்தில் இறக்கினார்கள். அது போனுக்குச் சேதி சொல்லும். பச்சை என்றால் திறக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. அதோடு மல்லுக்கட்டத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்று விவசாயச் சங்கத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அன்று போனது அவள் தூக்கம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கண் போனில்தான்.

இந்த வருஷம் நாற்று வேர் பிடிக்கிற நேரம் பார்த்துச் சிவப்பு விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவே இல்லை. வயல் வெடித்தது, நாற்றின் நுனி சுருண்டது. ஊரே மதகுக்கு வந்துவிட்டது. நானும் போனேன். முதல் வயல் எங்களுடையதாயிற்றே.

என் கொழுந்தன் படியில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, இளநீர் மாதிரி இருக்கிறது என்றான். நானும் குடித்தேன். இத்தனை வருஷமும் இந்த நாக்கைக் கேட்டுத்தான் திறந்தோம், மூடினோம். துளி உப்பில்லை, திறடி என்றேன்.

“நாங்க குடிச்சுட்டோம். உன் போன் குடிச்சுப் பாத்துச்சாம்மா?” என்றான் கொழுந்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் என்னை ஓரமாகக் கூட்டிப் போனாள்.

“அத்தை, எனக்கே பயமா இருக்கு. காலையிலருந்து ஒரே நம்பர்ல நிக்குது. கருவியில பாசி அடைச்சிருந்தா, இத்தனை வயலையும் நான்தான் சும்மா காயப்போட்டிருக்கேன்.”

சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டாள். திருப்பவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று, கதவு மேலே ஏறினால் அடித்தண்ணீர்தானே முதலில் உள்ளே பாயும் என்றாள். ஒரு காலி பாட்டிலில் கல்லைக் கட்டினாள், அதன் வாயை அடைத்த தக்கையில் ஒரு நூலைக் கட்டினாள். அடிவரைக்கும் இறக்கி நூலை இழுத்தாள். குமிழி வந்தது. எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

வாயில் வைத்ததும் துப்பினேன். கடல்தான். கனத்த உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைப் போர்த்திக்கொண்டு அடியில் படுத்திருக்கிறது. பாட்டில் கை மாறிப் போனது. சிரிப்பு நின்றது.

உப்பைத் தடுத்துவிட்டோம், சரி. வெயிலை என்ன செய்ய? மோட்டார் குழாயின் வாயைக் காலி டிரம்மில் கட்டி, ஆற்றின் மேலாகவே மிதக்கவிடச் சொன்னாள். வேகமாக இழுத்தால் அடி கலங்கி உப்பு ஏறிவிடும் என்று நூறு தடவை சொன்னாள். வாய்க்காலில் தண்ணீர் நூல் மாதிரி போகிறது. கடைசி வயல்வரை எட்டுமா, தெரியவில்லை. குழாயிலிருந்து வருவதை நான் அவ்வப்போது ருசி பார்க்கிறேன். நாக்கை நான் விடுவதாக இல்லை.

மோட்டார் பக்கத்தில் கொழுந்தன் உட்கார்ந்திருக்கிறான்.

“மதகுக்காரி, போன் என்ன சொல்லுது?”

“இன்னும் சிவப்புதான் மாமா.”

அவன் மோட்டாரை இன்னும் கொஞ்சம் குறைத்தான்.